கடல் நடுவே வீடு, கையில் ஸ்பேனர்: பாய்மரப் படகுவாசிகளின் பழுதுபார்ப்பு அதிசயங்கள் தெரியுமா?

நிலத்திலிருந்து மிகத் தொலைவில் உள்ள கடற்புள்ளி எது தெரியுமா? தெற்குப் பசிபிக்கில் இருக்கும் ‘பாயிண்ட் நீமோ’! அங்கிருந்து எந்தத் திசையில் போனாலும் முதல் கரையைத் தொட 2,688 கிலோமீட்டருக்குக் குறையாமல் போக வேண்டும். தலைக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்து வீரர்கள்தான் பல நேரங்களில் அங்கே மிக அருகில் இருக்கும் மனிதர்கள்!

2025 ஜனவரி 30 அன்று அந்தப் புள்ளியைப் பாய்மரப் படகில் கடந்தார்கள் இரண்டு இந்தியப் பெண்கள். ஒருவர் கோழிக்கோட்டின் தில்னா. இன்னொருவர் நம் புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமி! அப்போது இருவரும் கடற்படையில் லெப்டினன்ட் கமாண்டர்கள். அவர்களுடைய படகின் பெயர் தாரிணி. அந்த இடத்தில் ஒரு பம்ப் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது? பாய் கிழிந்தால் எந்தக் கடைக்கு ஓடுவது? எல்லாவற்றுக்கும் அந்த நான்கு கைகள்தான்!

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் தறி வீட்டில் பிறந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். சமையலும் படுக்கையும் பிள்ளைகளின் படிப்பும் ஒரு பக்கம், அதே கூரையின் கீழ் குழித்தறி ஒரு பக்கம். விழுது அறுந்தாலும் ஜக்கார்டு அட்டை நைந்தாலும் வீட்டிலிருப்பவர்களே இறங்கிச் சரிசெய்துவிட்டுத் தொழிலைத் தொடர்வார்கள். படகிலேயே குடியிருப்பவர்களின் வாழ்க்கையும் அப்படித்தான். வீடும் அதுவே, பிழைப்பும் அதுவே, பட்டறையும் அதுவே. அந்தக் கடல் வீடுகளுக்குள் எத்தனை ஆச்சரியங்கள்! வாருங்கள்!

1. 238 நாளுக்கு இரண்டே பேர்!

தாரிணியின் நீளம் வெறும் 56 அடி. கோவாவில் அக்வேரியஸ் நிறுவனம் கட்டி, 2017 பிப்ரவரியில் கடற்படையில் சேர்ந்த படகு. 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பிய ரூபாவும் தில்னாவும் ஃப்ரீமான்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் ஆகிய துறைமுகங்களைத் தொட்டு, 25,000 கடல் மைலுக்கு மேல் ஓடி, 2025 மே 29 அன்று திரும்பினார்கள். மொத்தம் 238 நாள்! ஒரு துறைமுகத்துக்கும் அடுத்த துறைமுகத்துக்கும் நடுவே எலக்ட்ரீஷியன், பிளம்பர், தையல்காரர், சமையல்காரர், மருத்துவர் எல்லாமே அவர்கள் இருவர்தான்.

இதே தாரிணியில் 2017-18இல் ஆறு பெண் அதிகாரிகள் 254 நாளில் உலகைச் சுற்றி வந்தார்கள். அந்தப் பயணத்தின் கடைசிக் கட்டத்தில் சுக்கானைத் திருப்பும் அமைப்பு பழுதாகி, திட்டத்தில் இல்லாத மொரீஷியஸுக்குப் படகைத் திருப்ப வேண்டி வந்தது. உலகையே சுற்றப் போகும் படகையும் ஒரு சின்ன உறுப்பு நிறுத்திவிடும்! அதனால்தான் நீண்ட பயணம் போகிறவர்கள் காற்றைப் படிக்கும் அளவுக்குப் பழுதுபார்க்கவும் படிக்கிறார்கள்.

2. கழிப்பறைக் கதவு உலகம் சுற்றிய கதை தெரியுமா?

ரூபாவுக்கும் தில்னாவுக்கும் வழிகாட்டிய குரு அபிலாஷ் டோமி. 2012-13இல் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் இந்தியர். 2018இல் கோல்டன் குளோப் போட்டியில் ஓடும்போது தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயல் அவருடைய படகின் பாய்மரத்தை முறித்தது. முதுகெலும்பில் பலத்த அடி. அசைய முடியாமல் கிடந்தவரை ஒரு பிரெஞ்சுக் கப்பல் மீட்டது. அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரோ மறுபடி நடக்கப் பழகி, 2022 செப்டம்பரில் அதே போட்டிக்குத் திரும்பினார்!

அந்தப் போட்டியில் 1968ஆம் ஆண்டுக் காலத்துக் கருவிகளுக்கு மட்டுமே அனுமதி. ஜி.பி.எஸ். பார்த்து ஓட்டக் கூடாது. மின்சாரம் இல்லாமல், காற்றின் விசையிலேயே சுக்கானைப் பிடித்துக்கொள்ளும் ஒரு கருவி படகின் பின்புறம் இருக்கும். தனியாகப் போகிறவர் தூங்க வேண்டுமென்றால் அது ஓடியாக வேண்டும். அந்தக் கருவியின் பலகை உடைந்தபோது அபிலாஷ் என்ன செய்தார் தெரியுமா? படகின் கழிப்பறைக் கதவையே அறுத்துப் புதுப் பலகை செய்தார்! 236 நாளில் உலகைச் சுற்றி வந்து, 2023 ஏப்ரலில் இரண்டாம் இடத்தைப் பிடித்தார்!

3. உலகின் முதல் சாதனைப் படகு மும்பையில் பிறந்தது!

எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் இங்கிலாந்தின் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். 1968 ஜூன் 14 முதல் 1969 ஏப்ரல் 22 வரை 312 நாள். அவருடைய ‘சுஹைலி’ படகு எங்கே கட்டப்பட்டது தெரியுமா? மும்பையில்! 32 அடி நீளத் தேக்குப் படகு. வாய்ச்சி பிடித்த நம் நாட்டுத் தச்சர்கள் கையால் இழைத்தது!

பயணத்தின் நடுவே படகின் அடிப்பலகைச் சந்தில் தண்ணீர் கசிந்தது. ராபின் கடலில் குதித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் மூழ்கிச் சந்தில் பஞ்சை அடைத்தார். அதன் மேல் கித்தான் துணிப் பட்டையை வைத்துச் செப்பு ஆணி அடித்தார். அதற்கும் மேலே செப்புத் தகடு! நடுவில் ஒரு சுறா வந்து சுற்ற, படகில் ஏறித் துப்பாக்கியால் அதைச் சுட்டுவிட்டு மறுபடி இறங்கி வேலையை முடித்தார்!

இன்னொன்றும் கேளுங்கள். மின்சாரம் தரும் எந்திரத்தில் நூலிழை அளவு இடைவெளியைச் சரியாக வைக்க வேண்டும். அளக்கும் கருவியைக் கொண்டுவர மறந்துவிட்டார். என்ன செய்வது? ஒரு புத்தகத்தை எடுத்து, ஓர் அங்குலத்துக்கு எத்தனை தாள் என்று எண்ணினார். ஒரு தாளின் தடிமன் கிடைத்துவிட்டது! தேவையான தாள்களை இடைவெளியில் செருகிச் சரிசெய்தார். அவருடைய பயணமும் ஒரு போட்டிதான். அதில் கலந்துகொண்ட ஒன்பது பேரில் கரை சேர்ந்து முடித்தவர் அவர் ஒருவர்தான்.

4. கடிகாரத்தை வேகவைத்த கேப்டன்!

அதற்கும் முன்னால், தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் ஜோஷுவா ஸ்லோகம். அவருக்கு ஒரு நண்பர் கொடுத்தது வயல்வெளியில் மக்கிக் கிடந்த ஒரு பழைய படகு. ஸ்லோகம் பக்கத்திலிருந்த ஓக் மரத்தை வெட்டி, ஒவ்வொரு சட்டமாக மாற்றி, 13 மாதத்தில் படகையே புதிதாக்கினார். பொருள்களுக்கு ஆன செலவு 553 டாலர் 62 சென்ட். ‘ஸ்ப்ரே’ என்ற அந்தப் படகில் 1895இல் கிளம்பி, சுமார் 46,000 மைல் ஓடி, 1898இல் திரும்பினார்!

கையில் இருந்த கடிகாரமோ முகம் உடைந்ததால் ஒரு டாலருக்குக் கிடைத்த தகரக் கடிகாரம். போகப் போக நிமிட முள்ளும் போய்விட்டது. ஓட மறுத்தபோது அதைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தார். மறுபடி ஓடியது!

5. ஐந்து சென்டிமீட்டர் ஓட்டை என்ன செய்யும் தெரியுமா?

கடலில் மிதக்கும் வீட்டின் அடியில் வேண்டுமென்றே ஓட்டைகள் போட்டிருப்பார்கள்! என்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் எடுக்க ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு. அதில் மாட்டிய குழாய் கழன்றால்? நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே இருக்கும் 5 சென்டிமீட்டர் ஓட்டை வழியாக நிமிடத்துக்கு 200 லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே வரும்! ஐந்து நிமிடத்தில் ஒரு வீட்டு மாடித் தொட்டியே நிரம்பும் அளவு.

இதற்கு என்ன பாதுகாப்பு தெரியுமா? ஒரு கூம்பு வடிவ மரக்கட்டை! ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில் அளவுக்கேற்ற மென்மரக் கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். ஓட்டையில் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. மரம் தண்ணீரில் ஊறிப் பருத்து இன்னும் இறுகிக்கொள்ளும். பல லட்ச ரூபாய்ப் படகைக் காப்பது ஒரு கைப்பிடிக் கட்டை!

6. பலி கொடுக்கவே ஓர் உலோகம்!

உப்புத் தண்ணீரில் இரண்டு வெவ்வேறு உலோகங்கள் தொடர்பில் இருந்தால் மின்சாரம் ஓடும். அதில் ஓர் உலோகம் மெல்ல மெல்லக் கரையும். படகின் வெண்கல விசிறி கரைந்துபோகாமல் இருக்க, பக்கத்தில் ஒரு துத்தநாகக் கட்டியைப் பொருத்துகிறார்கள். விசிறிக்குப் பதிலாக அந்தக் கட்டி கரையும். பாதி கரைந்ததும் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு மாட்ட வேண்டும். சில நூறு ரூபாய்க் கட்டி, பெரிய செலவைத் தடுக்கிறது!

இதைக் கண்டுபிடித்தவர் ஹம்ஃப்ரி டேவி, 1824இல். பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடியில் பொருத்திய செப்புத் தகடு அரிப்பதைத் தடுக்க வழி சொன்னார். அரிப்பு நின்றது. ஆனால் வேறொரு வம்பு வந்தது! செம்பு கரையும்போதுதான் பாசியும் கொட்டலசும் அண்டாமல் இருந்தன. கரைவது நின்றதும் கப்பலின் அடி முழுக்க அவை குடியேறிவிட்டன! இன்றும் படகின் அடியில் பூசும் பெயின்ட் பலவற்றில் செம்புதான் முக்கியச் சரக்கு. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தால்தான் அது வேலை செய்யும்.

உங்கள் வீட்டு கீசரைக் கேட்டால் அதுவும் இதே கதையைச் சொல்லும்! தண்ணீரைத் தேக்கிச் சூடாக்கும் பல கீசர்களுக்குள் மெக்னீசியக் கம்பி ஒன்று இருக்கிறது. தொட்டிக்குப் பதிலாகக் கரைவதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். சர்வீஸ் செய்ய ஆள் வரும்போது கம்பியில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

7. படகைக் காப்பது நூல்!

நெசவாளர் வீடுகளில் இதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்! இன்றைய பாய்கள் பெரும்பாலும் பாலியெஸ்டர் நெசவுத் துணி. புயலைத் தாங்கும் அந்தத் துணியில் முதலில் சாவது தையல் நூல்தான், அதுவும் வெயிலால்! சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு நூல் இற்றுப்போகிறது. அதனால் படகுவாசிகள் நகத்தால் தையலைக் கீறிப் பார்க்கிறார்கள். அறுந்தால் அந்தப் பட்டை முழுவதையும் மறுபடி தைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. உள்ளங்கையில் தோல் பட்டை மாட்டி, தடித்த ஊசியை அதனால் தள்ளித் தைப்பார்கள். இழுவிசையில் நூல் அறாமல் இருக்க, தையல் வளைந்து வளைந்து போகும்.

பாய்மரத்தைப் பிடித்து நிற்கும் எஃகுக் கம்பிவடத்தில் ஒரே ஒரு மெல்லிய இழை விண்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. எப்படிக் கண்டுபிடிப்பது? பஞ்சை வைத்துத் தடவுவார்கள்! விண்ட இழையில் பஞ்சு மாட்டிக்கொள்ளும். அந்த ஒரு துளிப் பஞ்சு, பாய்மரமே சாயும் ஆபத்தை முன்கூட்டியே சொல்லிவிடும்!

காற்று பாயின் மேல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கப் பாயிலேயே கம்பளி நூல் துண்டுகளை ஒட்டுவார்கள். நூல் நேராகப் பறந்தால் பாய் சரியாக நிற்கிறது. துள்ளினால் திருப்ப வேண்டும். ஒலிம்பிக் படகிலும் இந்த நூல் துண்டு உண்டு!

இன்னும் ஒன்று! ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டாலே அதன் பலத்தில் பெரும்பங்கு போய்விடும், சில முடிச்சுகளில் பாதியே போய்விடும். கயிற்றின் புரிகளைப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று நுழைத்துப் பின்னினால் ஏறக்குறைய முழு பலமும் நிற்கும். அதனால் முக்கியமான இடங்களில் முடிச்சை நம்பாமல் பின்னலை நம்புகிறார்கள். தறியில் பழைய பாவோடு புதிய பாவை இழை இழையாக முறுக்கிப் பிணைக்கும் பிள்ளையார்பாளையத்துப் பெண்களின் விரல்களுக்கு இந்த வேலையை ஒரே நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம்!

8. நெம்மேலி ஆலை ஒரு பெட்டிக்குள்!

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு. படகுவாசிகள் அதைக் குடிநீராக்குவது எப்படி? கிழக்குக் கடற்கரைச் சாலையில், 2013இல் திறக்கும்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த நெம்மேலி ஆலை தெரியும் அல்லவா? நாளொன்றுக்குப் பத்து கோடி லிட்டர் தருவதற்காகக் கட்டியது. அதே எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) தொழில்நுட்பம், படகில் ஒரு பெட்டி அளவில் கட்டிலுக்கு அடியில் அடங்கிவிடுகிறது! சவ்வின் வழியே கடல் நீரைத் தள்ள சுமார் 55 பார் அழுத்தம் வேண்டும், கார் டயரில் இருப்பதைவிட இருபத்தைந்து மடங்கு! இந்தச் சவ்வுக்குக் குளோரின் ஆகாது, எண்ணெயும் ஆகாது. அதனால் அழுக்கான துறைமுகத் தண்ணீரில் எந்திரத்தை ஓட்ட மாட்டார்கள்.

9. ஒரே மாற்றத்தில் கூடுதல் மின்சாரம்!

பழைய ஈய-அமில பேட்டரி 100 ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால், அதில் பாதியைத்தான் எடுக்கலாம். அதற்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதத்துக்கு மேல் எடுக்கலாம், எடையும் பாதிக்குக் குறைவு! கூரையில் சோலார் பேனல், விளக்கெல்லாம் எல்.இ.டி. என்று மாற்றினால் என்ஜினை உறும விடாமலே வாரக்கணக்கில் நங்கூரமிட்டு நிற்கலாம். ஆனால் கவனம்! ஈய-அமில பேட்டரிக்கான சார்ஜரை லித்தியத்துக்கு அப்படியே மாட்டக் கூடாது. என்ஜினோடு நேரடியாக இணைத்தாலும் ஆபத்துதான்: லித்தியம் மின்சாரத்தை ஆவலாக இழுக்க, என்ஜினின் ஆல்டர்னேட்டர் சூடேறி எரிந்துபோகலாம். வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி மாற்றுகிறவர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

10. கடலிலும் குக்கர்தான் ராணி!

படகு இடமோ வலமோ சாய்ந்தாலும் அடுப்பு மட்டும் சமமாகவே நிற்கும், தெரியுமா? இரண்டு பக்கமும் அச்சில் தொங்கவிட்டிருப்பதால் அது தன் எடையாலேயே நேராகிவிடும். அதன் மேல் உலகம் முழுக்கப் படகுவாசிகள் விரும்பி வைக்கும் பாத்திரம் நம் பிரஷர் குக்கர்! மூடி பூட்டிக்கொள்வதால் அலை ஆட்டினாலும் கொதிக்கும் குழம்பு யார் மேலும் கொட்டாது. கேஸ் மிச்சம், தண்ணீரும் மிச்சம். கழிப்பறைக் குழாயில் கல்லாகப் படியும் சுண்ணத்தைக் கரைக்கவும் சமையலறையிலிருந்தே மருந்து வருகிறது. அது வினிகர்!

11. வல்வெட்டித்துறையிலிருந்து அமெரிக்காவுக்கு!

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் உள்ளூர் மேஸ்திரிகள் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது தெரியுமா? ஏற்கெனவே 32 அடிப் படகில் உலகைச் சுற்றியிருந்த வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அந்தக் கப்பலைப் பார்த்து வியந்து விலைக்கு வாங்கினார். சூயஸ், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் என்று அதை ஓட்டிச் சென்றவர்களில் வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகளும் இருந்தார்கள்!

12. ஆணியே இல்லாத படகுகள்!

சென்னைக் கரையில் அலையைப் பிளந்து கப்பல்களுக்குச் சரக்கும் ஆளும் ஏற்றிய மசூலா படகில் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலை மோதினால் உடையும், தைத்த படகு நெளிந்து கொடுக்கும்! கட்டுமரத்தையோ கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் கட்டைகளை வெயிலில் காயவைப்பார்கள். மறுநாள் மறுபடி கட்டுவார்கள். பராமரிப்பையே அன்றாட வழக்கமாக்கிய நம் மீனவர்களின் அறிவு அது! அஜந்தா ஓவியக் கப்பலைப் பார்த்து, கயிற்றால் தைத்தே கட்டிய ‘கௌண்டின்யா’ 2025 மே 21 அன்று இந்தியக் கடற்படையில் சேர்ந்தது!

13. காஞ்சிக்கும் கடலுக்கும் என்ன உறவு?

ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் காலத்தில் வந்த சீனத் துறவி யுவான் சுவாங்கின் வாழ்க்கை வரலாறு, காஞ்சியை இலங்கைக்குக் கப்பலேறும் வாயில் என்று குறிக்கிறது. கடல் வழி மூன்று நாள் என்றும் சொல்கிறது! பிள்ளையார்பாளையத்தை ஒட்டி நிற்கும் கைலாசநாதர் கோயிலை எழுப்பிய ராஜசிம்மனின் குலம், மாமல்லபுரம் வழியாகக் கடலை ஆண்ட குலம். கடல் நமக்கு அந்நியம் இல்லை!

இவ்வளவு கதைகளும் ஒன்றையேதான் சொல்கின்றன. படகைத் தள்ளுவது காற்றாக இருக்கலாம். கரை சேர்ப்பது, பழுது பார்க்கத் தெரிந்த கைகள்! பிள்ளையார்பாளையத்துப் பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் தறிக்குழியில் இறங்கி விழுது கட்டினால், மிக்சியைக் கழற்றிப் பார்த்தால், சைக்கிள் செயினை மாட்டினால் தடுக்காதீர்கள். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும் என்று முதல் பாடமாகச் சொல்லுங்கள். பிறகு ஒரு ஸ்க்ரூடிரைவரைக் கையில் கொடுங்கள். புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமி உலகைச் சுற்றிவிட்டார். அடுத்தவர் காஞ்சிபுரத்திலிருந்து வரட்டும்!